எனக்குச் சொந்தமில்லாத சத்தம்

கண் ஆஸ்பத்திரியில் ஒரு பரிசோதனை உண்டு. இருட்டறையில் உட்கார வைத்து, தாடையை ஒரு தாங்கியில் பொருத்தி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொல்வார்கள். அதில் நான் தோற்றுப்போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், அம்பத்தூரில் நாலு லேத்தும் இரண்டு பவர் பிரஸ்ஸும் சொந்தமாகப் போட்டவன், எந்த அதிகாரி முன்னாலும் கைகட்டி நிற்காதவன், ஒரு பட்டனிடம் தோற்றேன். பிறகு எப்படி ஜெயித்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கண்ணில் அழுத்தம் என்று கேள்விப்பட்டு பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது கொஞ்சமாவது உதவும். கிழவன் பெருமையடிக்கிறான் என்று யாராவது சொன்னால், ஆமாம், அடிக்கிறேன். அடிப்பதற்கு என்னிடம் சரக்கு இருக்கிறது.

முதலில் என் மண்டையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகளுக்குப் பாடம் ஏறும். எனக்கு அந்த அமைதியில்தான் மண்டைக்குள் ஒரு சந்தை கூடிவிடும். ஜன்னலில் பல்லி, பக்கத்துப் பையனின் சட்டைக் கிழிசல், நேற்று அடி வாங்கியது, நாளைக்கு அடி வாங்கப்போவது, எல்லாம் ஒரே நேரத்தில் கூவிக் கூவி விற்கும். வாத்தியார் சலித்துப்போய் விட்டுவிட்டார். பிறகு வீட்டார் என்னை ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். பவர் பிரஸ் பக்கத்தில் நின்று, ஓட்டை போடும் டிரில்லைச் சாணை பிடிக்கும் வேலை. 'டம் டம்' என்று அது தகடு அடிக்க ஆரம்பித்ததும் என் மண்டைச் சந்தை கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற இடத்தில்தான் எனக்குப் புத்தி வேலை செய்தது. நான் பிடித்த சாணைக்கு ஆவடி, திருமுல்லைவாயல் வரைக்கும் பேர் இருந்தது. முடி கனம்கூடத் தப்பாது. எண்பதுகளில் சொந்தப் பட்டறை போட்ட பிறகும் விலைக் கணக்கு போட வேண்டுமானால் ஆபீஸ் அறையில் உட்கார மாட்டேன். காகிதத்தை எடுத்துக்கொண்டு கம்ப்ரசர் பக்கத்தில் போய் நிற்பேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மழைக்கால சாயங்காலம். பட்டறையில் குண்டு பல்பைப் பார்த்தேன். அதைச் சுற்றி வானவில் மாதிரி ஒரு வட்டம். அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் வலது கண்ணை யாரோ உள்ளேயிருந்து கட்டைவிரலால் தள்ளுவதுபோல் வலி.

அந்தோணி ஓடி வந்தான். என் மனைவி பிலோமினாவின் தம்பி, பட்டறைக்கு மேஸ்திரி.

"மாமா, கண்ணு கோவப்பழம் மாதிரி செவந்துகினு கீது. பிசிறு வுழுந்துடுச்சா?"

"அப்பிடித்தான் கீது மச்சான். எடு பாக்கலாம்."

பட்டறைக்காரனுக்குக் கண்ணில் என்ன வந்தாலும் அது இரும்புப் பிசிறுதான். அதற்கு வைத்தியம் காந்தம். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம் ஒன்று எங்களிடம் இருந்தது. அந்தோணி என் இமையை விரித்துப் பிடித்து, காந்தத்தைக் கண்ணுக்கு நேரே கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆட்டினான்.

"ஒண்ணும் ஒட்டல மாமா. பித்தளைப் பிசிறா இருக்குமோ?"

அன்றைக்கு நாங்கள் பித்தளையே ஓட்டவில்லை. இருந்தாலும் இருக்கலாம் என்று நானும் தலையாட்டினேன். பட்டாபிராமில் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் தலை பிளந்தது. வாசலிலேயே வாந்தி. அப்போதும் அந்தோணி பித்தளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான்.

பிலோமினா ஒரு பார்வை பார்த்தாள். "கண்ணுல பிசிறு வுழுந்தா எவனாவது வாந்தி எடுப்பானா? காந்தத்த வெச்சிகினு ரெண்டு அறிவாளிங்க. போய் ஆட்டோவ கூட்டிகினு வா."

அந்த வார்த்தை என் கண்ணைக் காப்பாற்றியது. விடியட்டும் என்று இருந்திருந்தால் பார்வை போயிருக்கும் என்று பிற்பாடு டாக்டரம்மா சொன்னார்.

நகரத்துக்குள் ஒரு கண் ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நிதானமான மனுஷி, என் மகள் வயது இருக்கும். அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். கண்ணுக்குள் எந்நேரமும் ஒரு நீர் சுரந்து, ஓரத்தில் இருக்கும் வடிகால் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். எனக்கு அந்த வடிகால் பிறவியிலேயே குறுகல். அன்றைக்கு அது சட்டென்று மூடிக்கொண்டது. சுரப்பது நிற்கவில்லை, வடிவது நின்றுவிட்டது. அழுத்தம் ஏறிக் கண்ணின் பின்னால் இருக்கும் நரம்பை நசுக்குகிறது. நசுங்கிய நரம்பு நசுங்கியதுதான், திரும்ப வராது. இதற்குக் கிளாக்கோமா என்று பேர். லேத்தில் சூடு தணிக்கும் கூலன்ட் வழியும் குழாயில் இரும்புச் சுருள் அடைத்துக்கொண்டால் தொட்டி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் அவர் பாதி சொல்லும்போதே மீதி புரிந்தது. புரிந்ததால் பயம் அதிகமானது.

கையில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். கண்ணில் சொட்டு மருந்து. ஒரு மாத்திரை கொடுத்தார்கள், அதைப் போட்டால் விரல் நுனியெல்லாம் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும், சிறுநீர் கழிக்க எழுந்துகொண்டே இருக்க வேண்டும். அழுத்தம் இறங்கியதும் லேசர் என்ற வெளிச்சத்தால் கருவிழிக்குள் ஊசிமுனை அளவு ஒரு ஓட்டை போட்டார்கள், நீர் மாற்று வழியில் போவதற்கு. கல்லை வைத்து யாரோ கண்ணில் சுண்டுவது மாதிரி இருந்தது. நல்ல கண்ணுக்கும் முன்ஜாக்கிரதையாக ஒன்று போட்டார்கள். ஓட்டை போடுவது நம் தொழில், நமக்கே ஓட்டை போடுகிறார்களே என்று சொன்னேன். டாக்டரம்மா சிரித்தார்.

வலி போய்விட்டது. அப்புறம் வந்ததுதான் உண்மையான கஷ்டம். அமைதி.

அந்த வார்டில் நர்ஸ்கள் நடந்தால்கூட சத்தம் வராது. என் வீட்டார் பாசத்தில் அதை இன்னும் கெட்டியாக்கினார்கள். பிலோமினா பாத்திரத்தைத் துணியில் சுற்றி வைத்தாள், டொக்கென்று சத்தம் வந்துவிடுமாம். பார்க்க வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே நிறுத்தி, உள்ளே வந்து பேசாமல் நின்றுவிட்டுப் போகச் சொன்னாள். அவர்களும் சாவு வீட்டில் நிற்பது மாதிரி நின்றுவிட்டுப் போனார்கள். அந்தோணி ஆஸ்பத்திரி பில்லை என் கண்ணில் காட்டாமல் சட்டைப் பைக்குள் சொருகிக்கொண்டான். கேட்டால், "கண்ணு செரியில்லாதவருக்கு எதுக்கு மாமா இன்னொரு கண்ணெரிச்சல்?" என்றான். இந்த மாதிரி மனிதர்கள் வாய்த்தவன் நான். ஆனால் அந்த அமைதியில் நான் பட்ட பாடு அவர்களுக்குத் தெரியாது. படுத்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன், நடந்தால் நர்ஸ் 'உஷ்' என்பாள். மண்டைச் சந்தை பழையபடி கூடிவிட்டது. கண் போய்விட்டால் பட்டறை என்ன ஆகும், சாணையில் எப்படிக் கைவைப்பது, நாலு லேத்தையும் யார் தலையில் கட்டுவது என்று ஒவ்வொரு கடைக்காரனும் ஒவ்வொரு பயத்தைக் கூவினான்.

நரம்பு எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அறியத்தான் அந்தப் பட்டன் பரிசோதனை. பார்வையின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும், ஓரங்கள் சத்தமில்லாமல் செத்திருக்கும், நமக்கே தெரியாது என்றார் டாக்டரம்மா. ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை விட வேண்டும். நடுவில் ஒரு மஞ்சள் விளக்கு, அதையே பார்க்க வேண்டும். அங்கே இங்கே மங்கலாகப் புள்ளிகள் மின்னும். தெரிந்தால் அழுத்த வேண்டும்.

பரிசோதனை செய்யும் தம்பி ரொம்ப நல்லவன். எனக்குக் கவனம் சிதறக் கூடாதென்று கதவைச் சாத்தினான், ஏ.சி.யை அணைத்தான், வெளியே பேசிக்கொண்டிருந்தவர்களைத் தள்ளிப் போகச் சொன்னான். ஊசி விழுந்தால் கேட்கும். முடிந்தது என் கதை.

மஞ்சள் விளக்கைப் பார்க்கிறேன். இரண்டு புள்ளி அழுத்தினேன். அப்புறம் அந்த விளக்கு ஆவடி டெப்போ பஸ்ஸின் லைட் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. அந்த பஸ்ஸில் போனபோது செருப்பு அறுந்தது. செருப்பு தைத்தவரின் ஊசியின் முனை எப்படித் தீட்டியிருந்தது என்று யோசித்தேன். "ஐயா, அழுத்துங்க" என்று தம்பியின் குரல். திடுக்கிட்டு அழுத்தினேன், புள்ளியே இல்லாதபோது.

மெஷின் துப்பிய காகிதத்தில் பார்வை போன இடமெல்லாம் கறுப்பாக இருக்கும். என் காகிதம் கரித்துணி மாதிரி இருந்தது. மறுநாள் மறுபடி செய்தார்கள், இன்னும் கறுப்பு.

டாக்டரம்மா என் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், மறுபடி கண்ணுக்குள் பார்த்தார். "நரம்பைப் பார்த்தால் இவ்வளவு போன மாதிரி தெரியலை. ஆனா டெஸ்ட் இப்படிச் சொல்லுது. இவ்வளவு போயிருந்தா நாம சும்மா இருக்க முடியாது. கத்தி வெச்சு புதுசா ஒரு வடிகால் போடணும்."

"போட்டா செரியாயிடுமா?"

"இருக்கிறதைக் காப்பாத்தலாம். சில பேருக்கு அதனாலேயே பார்வை மங்கிப் போறதும் உண்டு, மறைக்க மாட்டேன். எப்படியும் நீங்க மெஷின் பக்கம் போகக் கூடாது. ஓரத்துல கை எங்கே இருக்குன்னு தெரியாது உங்களுக்கு."

பிலோமினா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"அந்தப் பேப்பர் பொய் சொல்லுது டாக்டரம்மா. எனக்குத் தெரியுது. அந்த ரூம்ல சத்தமே இல்ல, அதான் கோளாறு."

"சத்தம் இருக்கக் கூடாதுன்னுதானே கதவைச் சாத்துறோம்?"

"மத்தவங்களுக்குச் சாத்துங்க. எனக்குச் சத்தம் ஓணும். சத்தம் இருந்தாத்தான் எனக்குக் கவனம் நிக்கும். என் தொழிலே அப்படித்தான்."

வேறு டாக்டராக இருந்தால் நகைத்திருப்பார். இவர் காகிதத்தை மூடி வைத்தார். "நாளைக்கு இன்னொரு தடவை பார்ப்போம். அதுக்கப்புறம் முடிவு பண்ணிடணும்."

அந்தோணியைக் கூப்பிட்டேன். அவனிடம் ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த பெட்டி ஒன்று இருந்தது. பட்டறை ஓடும் சத்தத்தை அதில் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன். ஐம்பது வருஷமாக என்னைத் தூக்கி நிறுத்திய சத்தம், இருட்டறையிலும் நிறுத்தாதா?

மறுநாள் பெட்டியை மேஜையில் வைத்து ஓடவிட்டார்கள். முதலில் வந்தது பிரஸ் சத்தம் இல்லை. "முதலாளி, வணக்கம். நான் துரை பேசறேன். ஒடம்ப பாத்துக்கங்க." அடுத்து இன்னொருவன். "மொதலாளி, நீங்க இல்லாம டீயே எறங்கல." பட்டறையே வரிசையில் நின்று பேசியிருக்கிறது. கடைசியாக ஒருவன், "பேசறது பதியுதா அண்ணாத்தே?" என்று கேட்க, அந்தோணி அவனைத் திட்டியதும் பதிந்திருந்தது. பரிசோதனைத் தம்பி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

ஒருவழியாக மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. தாடையை வைத்தேன். முதல் புள்ளி, அழுத்தினேன். இரண்டாவது, மூன்றாவது, ஒன்றுகூடத் தப்பவில்லை. பார்த்தாயா என்று மனதுக்குள் எல்லோரையும் கேட்டுக்கொண்டேன். அப்போதுதான் காதில் விழுந்தது. இரண்டாம் நம்பர் பிரஸ், டம் டம் என்று போகவேண்டியது, டம் டடம் என்று நொண்டியது.

தலை தானாகத் தூக்கிக்கொண்டது. "டேய் அந்தோணி, ரெண்டாம் நம்பர்ல எவன்டா நிக்கறான்? தகடு அடிக்கற டை லூசாயிருக்குது, கையக் கொண்டுபூடும்."

கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான் அந்தோணி. "மாமா, அது நேத்து ஓடுனது. இப்ப பட்டறைக்கு லீவு வுட்டுட்டு எல்லாரும் கீழே நின்னுகினு கீறாங்க."

"நேத்தா இருந்தா இன்னா? லூசு லூசுதானே?"

பரிசோதனை கெட்டுப்போனது. "ஐயா, இது ஆஸ்பத்திரி. ஒர்க் ஷாப் இல்லை," என்றான் அந்தத் தம்பி. முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. நியாயம்தான்.

வாசலில் பிலோமினா சிரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எரிந்தது. "சிரிக்கற நேரமா இது?"

"உனுக்குச் சத்தம் ஓணும்யா, யாரு இல்லன்னது? ஆனா உன் சத்தம் ஆவாது." டாக்டரம்மாவும் வந்து நின்றிருந்தார். அவரிடம் திரும்பிச் சொன்னாள். "பக்கத்து ஊட்டு கிரைண்டர் மாவு அரைச்சா டாக்டர், இந்த மனுசன் அந்தச் சத்தத்துல உக்காந்து கணக்கு போடும், பேப்பர் படிக்கும், ஆடாம அசையாம கெடக்கும். எங்க ஊட்டு கிரைண்டர் ஓடிச்சுன்னு வைங்க, கல்லு தேயுது, பெல்ட்டு இழுக்குதுன்னு எழுந்து வந்து என் உசுர எடுக்கும். அதுக்குச் சொந்தமில்லாத சத்தமா பாத்துக் குடுங்க."

இத்தனை வருஷம் கூட இருந்து, என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றை, வேடிக்கை பார்த்துக்கொண்டு கையில் வைத்திருந்திருக்கிறாள்.

டாக்டரம்மா பெட்டியின் கேசட்டை எடுத்துவிட்டு ரேடியோ பக்கம் திருப்பினார். அந்த அறைச் சுவர் கனம், உள்ளே எந்த ஸ்டேஷனும் எடுக்கவில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று மழை கொட்டுவது மாதிரி ஒரே இரைச்சல். பாட்டு வரட்டும் என்று தம்பி முள்ளைத் திருப்பப் போனான். டாக்டரம்மா கையைத் தடுத்தார்.

"இது போதுமா பாருங்க. இது யாரோட சத்தமும் இல்லை."

தாடையை வைத்தேன். அந்த இரைச்சலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நொண்டவில்லை, தேயவில்லை, யாரும் வணக்கம் சொல்லவில்லை. சந்தைக்காரன் ஒவ்வொருவனாக மூட்டையைக் கட்டினான். மஞ்சள் விளக்கு விளக்காகவே இருந்தது. மங்கலான புள்ளி, அதைவிட மங்கலான புள்ளி, வந்த புள்ளியை எல்லாம் சாணை பிடிக்கிற மாதிரி பிடித்தேன். முடிந்தது என்று தம்பி தோளைத் தட்டியபோதுதான் கழுத்து வலித்தது தெரிந்தது.

புதுக் காகிதம் பெரும்பாலும் வெள்ளை. மூக்குப் பக்கம் மேல்மூலையில் மட்டும் ஒரு கறுப்புத் திட்டு. மறுநாள் அதே இரைச்சலில் இன்னொரு தடவை செய்து சரிபார்த்தார்கள். அதே மூலை, அதே திட்டு. பழைய காகிதத்தைப் பக்கத்தில் வைத்தேன்.

"இதுல எது டாக்டரம்மா என் கண்ணு?"

"இதுதான்," என்று புதுசைக் காட்டினார். "அது நீங்க அமைதியா உட்கார்ந்திருந்த நேரம். கத்தி இப்போ வேண்டாம். அந்த மூலை போனது போனதுதான். சொட்டு மருந்தை ஒரு வேளைகூட விடக் கூடாது. விட்டா அடுத்த மூலையும் போகும்."

மெஷின் பக்கம் போகலாமா என்று கேட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, சாணையில் மட்டும், பிரஸ் பக்கம் கூடாது என்றார். பேரம் பேசிப் பார்த்தேன். படியவில்லை.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் இன்னொன்றும் சொன்னார். சின்னப் பிள்ளைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் என்னைப் பற்றிக் கேட்டாராம். கவனம் ஓரிடத்தில் நிற்காமல் எல்லாப் பக்கமும் ஓடுகிற ஒரு தன்மை உண்டு, ஏ.டி.எச்.டி. என்பார்கள், அதில் சில பேருக்குப் பின்னால் ஒரே சீரான சத்தம் இருந்தால் மனசு நிற்கும், எல்லோருக்கும் அப்படி இல்லை. பிள்ளைகளுக்குத்தான் இதைப் பார்ப்பார்கள், பெரியவர்களுக்கும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல அவரிடம் போய்க் காட்ட வேண்டும், மாத்திரையும் இருக்கிறது என்றார்.

"வியாதியா அது?" என்று கேட்டேன்.

"கஷ்டப்பட்டிருந்தீங்கன்னா வியாதி. பட்டீங்களா?"

நினைத்துப் பார்த்தேன். வாத்தியாரின் பிரம்பு, மக்கு என்று கூப்பிட்ட வாய்கள், பாதியில் விட்ட எழுத்து. பட்டேன். படவில்லை என்று எழுதினால் பொய்.

"பட்டேன். ஆனா நாலு லேத்து போட்டது அதே மண்டைதான். அதுக்கு மாத்திரை குடுத்துத் தூங்க வெச்சா பட்டறைய யாரு பாக்கறது? எனுக்கு வேணாம். சின்னப் புள்ளைங்களுக்குக் குடுங்க, அதுங்கள அடிக்காம வுட்டாங்கன்னா அதுவே போதும்."

"வியாதிக்குப் பேரு கெடச்சதுக்கே மனுசனுக்கு நெஞ்சு நிமிந்துகினு வருது பாரு," என்றாள் பிலோமினா.

நிமிரத்தான் செய்தது. மக்கு என்று சொன்னவர்கள் பாதிப் பேர் செத்துவிட்டார்கள், இல்லாவிட்டால் ஆளாளுக்குப் போய்ச் சொல்லியிருப்பேன்.

இப்போதும் வருஷா வருஷம் அந்தப் பரிசோதனைக்குப் போகிறேன். மூலைத் திட்டு வளரவில்லை. போன தடவை டாக்டரம்மா லீவு. பரிசோதனை அறையில் புதுத் தம்பி, என்னைத் தெரியாது. கதவைச் சாத்தினான், ஏ.சி.யை அணைத்தான். "ஐயா, டிஸ்டர்பன்ஸ் இல்லாம பண்ணிட்டேன், தாடையை வைங்க," என்றான்.

"தம்பி, சத்தம் எதுனா போடு. அப்பத்தான் வெப்பேன்."

"சத்தமா? இங்கே எல்லாரும் இப்படித்தான் ஐயா பண்றாங்க."

"எல்லாருக்கும் பண்ணு. எனக்குச் சத்தம் ஓணும். பாட்டு வேணாம், பேச்சு வேணாம், எனக்குச் சம்பந்தமில்லாத இரைச்சல்."

பெரிய டாக்டரைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வெளியே போனான். வரிசையில் இருந்தவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார்கள். கிழவனுக்கு மண்டை சரியில்லை என்று ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. எழுந்து போய்ப் பதில் சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, தாடையை நிமிர்த்தி, ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். கண் என்னுடையது. அவர்கள் ஏதாவது ஒரு சத்தத்தைக் கொண்டு வந்து போடும் வரைக்கும் அந்தக் கிண்ணத்துக்குள் என் முகம் போகாது.